செத்தால் தீர்ந்துவிடுமா?

ஒத்திகைக்கும் அரங்கேற்றத்துக்கும் உள்ள உறவுதான் ஆசியப் படத்துக்கும் ஹாலிவுட் படத்துக்கும் உள்ள உறவு என்று ஒரு சாரார் நெடுநாளாகச் சாதித்து வருகிறார்கள். இங்கே ஒருவன் கதையைக் கண்டுபிடிப்பான். அங்கே ஒருவன் அதைச் 'செம்மை'ப்படுத்துவான். உலகம் பார்த்துக் கைதட்டும். இந்தச் சித்தாந்தத்துக்கு அவர்கள் தவறாமல் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சி ஒன்று உண்டு. 2002-ல் ஹாங்காங்கில் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' என்று ஒரு படம் வந்தது. ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக் என்ற இருவர் சேர்ந்து எடுத்தது. 2006-ல் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி அதே கதையைப் பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் 'தி டிபார்ட்டட்' என்று எடுத்தார். சிறந்த படம், சிறந்த டைரக்‌ஷன், சிறந்த தழுவல் வசனம், சிறந்த எடிட்டிங் என்று நான்கு ஆஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. பிறகென்ன? அசலைவிட நகல் உயர்ந்தது என்று தீர்ப்பாகிவிட்டது!

தீர்ப்பு வழங்கியவர்களின் யோக்கியதையைக் கொஞ்சம் பாருங்கள். 2007 பிப்ரவரியில் நடந்த அந்தப் பரிசளிப்பு விழாவில், தழுவல் வசனத்துக்கான பரிசு அறிவிக்கப்பட்டபோது, மூலப் படம் ஒரு ஜப்பானியப் படம் என்று மேடையிலிருந்து உலகத்துக்கே அறிவித்தார்கள். ஹாங்காங் என்றால் என்ன, ஜப்பான் என்றால் என்ன? எல்லாம் கிழக்கே எங்கேயோ இருக்கிற ஊர்தானே! யாருடைய வீட்டில் பெண் எடுத்தோம் என்றுகூடத் தெரியாத ஒருவர், அந்தப் பெண் தன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அழகானாள் என்று பேசினால், நாம் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்போம்?

அதற்காக, கிழக்கே விளைந்ததெல்லாம் பொன், மேற்கே போனதெல்லாம் பித்தளை என்று கொடி பிடிக்கப் போகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மனோபாவமும் எனக்குப் பிடிக்காது. அதுவும் ஒரு வகைத் தாழ்வு மனப்பான்மைதான். நான் இங்கே பேச வந்தது ஒரே ஒரு விஷயம். இந்த இரண்டு படங்களும் ஒரே கதையைச் சொல்லுகின்றன என்கிறார்கள். நான் இல்லை என்கிறேன். இரண்டும் ஒரே சம்பவங்களைச் சொல்லுகின்றன. கதை வேறு, சம்பவம் வேறு. சம்பவங்களை விலைக்கு வாங்கலாம், வாங்கித்தான் போனார்கள். கதை அந்தப் பத்திரத்தில் ஏறவில்லை.

முதலில் சம்பவங்களைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் இலாகா, இளைஞன் ஒருவனைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து 'விலக்கி' ரௌடிக் கும்பலுக்குள் ஒற்றனாக அனுப்புகிறது. அதே காலத்தில், கும்பலின் தலைவன் தன்னுடைய பையன் ஒருவனைப் போலீஸ் பள்ளிக்குள் ஒற்றனாக அனுப்புகிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. போலீஸ்காரன் ரௌடியாகவே பழகிப்போகிறான். ரௌடி நல்ல பெயரெடுத்த போலீஸ் அதிகாரியாக உயர்கிறான். தங்களுக்குள் ஓர் ஒற்றன் இருக்கிறான் என்று ஒரே இரவில் இரு தரப்புக்கும் தெரிந்துவிடுகிறது. ஒற்றனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இரு தரப்பிலும் அந்த ஒற்றனிடமே வந்து சேருகிறது. தன்னைத் தானே தேடு என்று உத்தரவு! இதைவிட நல்ல கதைக் கரு துப்பறியும் சினிமாவுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்ததில்லை என்று நான் தாராளமாகச் சொல்லுவேன்.

ஒற்றனால் அரசனுக்கு என்ன பயன் என்று பழைய நூல்கள் பேசும். நம் வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் ஒற்றனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நாவலும் சினிமாவும் வர வேண்டியிருந்தது. ஹாங்காங் படம் பார்த்தது அதைத்தான். அதில் போலீஸ் ஒற்றனாக டோனி லியூங் நடித்திருக்கிறார். அந்தப் பாத்திரத்தைக் கூப்பிடும் பெயரைத் தமிழில் எழுதினால் 'யான்' என்று வந்து நிற்கிறது. மொழி செய்த வேடிக்கைதான். ஆனாலும் 'நான் யார்?' என்பதைத் தவிர அவனுக்கு வேறு துயரம் கிடையாது. மூன்று வருஷம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது முடிந்ததும் இன்னும் மூன்று என்றார்கள். அப்படியே பத்து வருஷத்தை நெருங்கிவிட்டது. அவன் போலீஸ்காரன் என்பதை அறிந்த ஒரே ஒரு மேலதிகாரி, ஒரு மாடியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, அவன் கண்ணெதிரே ஒரு டாக்ஸியின் மேல் வந்து விழுந்து சாகிறார். செத்தவர் அவனுக்கு மேலதிகாரி மட்டுமல்ல. 'நீ நல்லவன்' என்று சொல்லக்கூடிய உலகத்தின் ஒரே சாட்சி. சாட்சி போய்விட்டால் நல்லவன் நல்லவனாக இருப்பது எப்படி? அந்த ஒரு கணத்தில் டோனி லியூங்கின் முகத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். அவர் அழவில்லை; கத்தவில்லை. அநாதையாகிறார், அவ்வளவுதான்.

எதிர்த் தரப்பு ஒற்றனாக ஆண்டி லாவ். இவன் விஷயம்தான் இன்னும் நுட்பமானது. கெட்டவனாக உள்ளே அனுப்பப்பட்டவன், நல்லவனாக நடித்து நடித்து, நல்லவனாகவே ஆகிவிடலாமே என்று ஆசைப்படுகிறான். அந்த ஆசை பொய்யில்லை. தன்னை அனுப்பிய தலைவனையே அவன் சுட்டுக் கொல்லுகிறான். ஏன்? அந்தத் தலைவன் இருக்கும்வரை தான் நல்லவனாக முடியாது என்பதற்காக! பிறகு மொட்டை மாடியில் அந்த உண்மையான போலீஸ்காரனிடம், தன்னை நல்லவனாக வாழ விடும்படி கேட்கிறான். தான் போலீஸ்காரன், ஆகவே விட முடியாது என்பதே அவனுக்குக் கிடைக்கும் பதில்.

இப்போது பாஸ்டனுக்கு வாருங்கள். அங்கேயும் ஒற்றன் தன் தலைவனைச் சுடுகிறான். மாட் டேமன் சுடுகிறார். ஜாக் நிக்கல்ஸன் சாகிறார். காரணம்? தலைவன் மத்திய போலீஸான எஃப்.பி.ஐ.க்கு ரகசியமாகத் துப்புக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்துவிட்டது. எங்கே தன்னையும் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்ற பயம், ஏமாற்றப்பட்ட கோபம். சம்பவம் ஒன்றேதான்: சிஷ்யன் குருவைச் சுட்டான். ஒன்றில் ஓர் ஆத்மா கரையேறப் பார்க்கிறது. மற்றதில் ஓர் ஆசாமி தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான். இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமா? இந்த ஓர் இடத்திலேயே படம் வேறு படமாகிவிட்டது. இனிமேல் இந்த மனிதன் எப்படிப் போனால் நமக்கென்ன?

இன்னொன்றையும் நாவலாசிரியன் என்ற முறையில் நான் சொல்லாமல் விட முடியாது. ஹாங்காங் படத்தில் ஆண்டி லாவின் மனைவியாகப் போகிறவள் ஒரு நாவலாசிரியை. இருபத்தெட்டு வேஷம் கொண்ட ஒரு மனிதனைப் பற்றி அவள் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவனை நல்லவன் என்று முடிப்பதா, கெட்டவன் என்று முடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரியவில்லை. எழுதுகிற எவரும் அறிந்த வேதனை இது. மனிதனை முடித்துவிடுவது சுலபம்; அவனை அறிவது கஷ்டம். அமெரிக்கப் படத்தில் இந்தப் பெண் இல்லை. போலீஸ் ஒற்றனுக்கு மனோதத்துவ சிகிச்சை செய்யும் டாக்டர் அம்மாளையும் இவளையும் சேர்த்து ஒருத்தியாக்கி, அவளை இரண்டு ஒற்றர்களுக்கும் காதலியாக்கிவிட்டார்கள். இதைச் சாமர்த்தியமான திரைக்கதை என்று பாராட்டியவர்கள் உண்டு. இரண்டு ஆண்களையும் ஒரு கட்டிலைக் கொண்டு முடிச்சுப் போடுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. போனது ஒரு நாவலாசிரியை அல்ல; 'இவன் நல்லவனா, கெட்டவனா?' என்ற கேள்வியே போய்விட்டது. கேள்வி போன பிறகு பதில் சொல்ல ஒரு துப்பாக்கி போதும்.

ஆம், துப்பாக்கிக்குத்தான் வருகிறேன். இந்த வழக்கே அங்கேதான் இருக்கிறது.

இரண்டு படத்திலும் போலீஸ் ஒற்றன் ஒரு லிஃப்டின் வாசலில், எதிர்பாராத ஒரு மூன்றாமவனால் தலையில் சுடப்பட்டுச் சாகிறான். அந்த மூன்றாமவனும் கும்பலின் ஆள். அவனை நம் எதிர்த் தரப்பு ஒற்றன் சுட்டுவிடுகிறான். இதுவரை ஒன்றுதான். பிறகு ஹாங்காங் படத்தில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை! ஆண்டி லாவ் தன் போலீஸ் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தான் போலீஸ்காரன் என்று சொல்லியபடி வெளியே வருகிறான். எல்லோரும் நம்புகிறார்கள். செத்தவனின் கல்லறைக்கு முன்னால் நின்று மரியாதை செலுத்துகிறான். இனி அவனைப் பிடிக்க யாரும் இல்லை. அவன் விரும்பியபடியே நல்ல போலீஸ்காரனாக வாழலாம். ஒரே ஒரு சங்கடம்: தான் நல்லவன் அல்ல என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போது படம் பழைய நாளுக்குப் போகிறது. பயிற்சிப் பள்ளியிலிருந்து அந்த இளைஞன் 'விலக்கப்பட்டு' வெளியே நடந்துபோன நாள். அவனோடு இடம் மாற்றிக்கொள்ள யாருக்காவது விருப்பமா என்று மற்ற மாணவர்களை அதிகாரி கேலியாகக் கேட்கிறார். இவன் உள்ளத்தின் குரல் பதில் சொல்லுகிறது: தனக்கு விருப்பம் என்று. செத்தவனோடு இடம் மாற்றிக்கொள்ள, உயிரோடிருப்பவன் ஆசைப்படுகிறான்! குற்றக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நிற்க வேண்டும்.

இந்தப் படத்தின் சீனப் பெயரைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் துலங்கும். 'இடைவெளியில்லாத பாதை' என்பது ஏறக்குறைய அதன் பொருள். பௌத்தர்கள் சொல்லும் நரகங்களில் கடைசியான அவீசியை அது குறிக்கிறது. அவீசி என்பது நம் காதுக்கும் அந்நியமான சொல் அல்ல. சமஸ்கிருதத்திலிருந்து சீனம் போன சரக்கு. மற்ற நரகங்களில் மூச்சுவிட இடைவேளை உண்டாம், அவீசியில் கிடையாது. படத்தின் தொடக்கத்தில் கும்பலின் தலைவன் தன் பையன்களைப் புத்தர் சிலைகளுக்கு முன்னால் நிறுத்தித்தான் ஒற்று வேலைக்கு அனுப்புகிறான். புறப்பட்ட இடம் கோவில். போய்ச் சேருகிற இடம் அவீசி. அங்கே கொதிக்கும் எண்ணெய் இல்லை. நல்ல உத்தியோகம், நல்ல வீடு, நல்ல பெயர் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு இடைவெளி இல்லாமல் வாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். 2003-ல் வந்த மூன்றாம் பாகத்தில் இந்த மனிதனை மேலும் தொடர்ந்து போகிறார்கள். அவன் புத்தி கலங்குகிறது; தன்னையே சுட்டுக்கொள்கிறான்; அப்போதும் சாகவில்லை! சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பெயரில் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார்கள்.

பாஸ்டனில் என்ன செய்தார்கள்? மாட் டேமன் மளிகைச் சாமான் பையோடு தன் வீட்டுக்குத் திரும்புகிறார். உள்ளே ஒரு போலீஸ்காரர் காத்திருக்கிறார். மார்க் வால்பர்க் நடித்த பாத்திரம். மூலத்தில் இப்படி ஒரு பாத்திரமே கிடையாது. கையிலே உறை, செருப்பின் மேலே உறை, சத்தம் போடாத துப்பாக்கி. ஒரே குண்டு. துரோகி செத்தான். பால்கனிக் கம்பியின் மேல் ஓர் எலி ஓடுகிறது. பின்னால் அரசாங்கக் கட்டடத்தின் தங்கக் கோபுரம் மின்னுகிறது. காட்டிக்கொடுப்பவனை அமெரிக்காவில் 'எலி' என்பார்கள். புரியாதவர்களுக்காக எலியையே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கணக்குத் தீர்ந்தது, ரசிகர்கள் வீட்டுக்குப் போகலாம்.

நான் கேட்கிறேன்: யாருடைய கணக்குத் தீர்ந்தது? பொய்ப் போலீஸ்காரனைத் தண்டிக்க ஒரு மெய்ப் போலீஸ்காரன் கொலைகாரனாகிறான். செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு, தடயம் விழாமல், திட்டமிட்டுக் கொலை செய்கிறான். அவனுடைய கணக்கை யார் தீர்ப்பது? இதைப் பற்றி அந்தப் படத்துக்கு ஒரு கவலையும் கிடையாது. அரங்கத்தில் கைதட்டல் எழுகிறது. தர்மம் ஜெயித்தது என்று பெயர்! தர்மம் ஜெயிக்கவில்லை, நமக்குள்ளே இருக்கும் பழிவாங்கும் ஆசை ஜெயித்தது. அந்த ஆசைக்குத் தர்மத்தின் சட்டையை மாட்டிவிடுவது ஹாலிவுட்டின் நூற்றாண்டு வியாபாரம்.

1934 முதல் 1968 வரை அமெரிக்கப் படங்களுக்கு ஓர் ஒழுக்க விதித் தொகுப்பு இருந்தது. ஹேய்ஸ் விதிகள் என்பார்கள். குற்றம் செய்தவன் படம் முடிவதற்குள் தண்டனை பெற்றாக வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. 1968-ல் விதி போயிற்று. ஆனால் சங்கிலியைக் கழற்றினாலும் யானை பழைய தூரத்துக்கு மேல் நடக்காது அல்லவா? விதி இல்லாதபோதும் விதிக்குக் கட்டுப்படுகிற பழக்கம் இருக்கிறதே, அது விதியைவிடப் பொல்லாதது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஹாங்காங் படத்துக்கு இன்னொரு முடிவும் உண்டு. சீனப் பெருநிலத்துக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிய பிரதிகளில், லிஃப்டிலிருந்து வெளியே வருகிற ஆண்டி லாவைப் போலீஸ் கைது செய்துவிடுகிறது. அவனுக்கு எதிரான சாட்சியம் கிடைத்துவிட்டதாம்! குற்றவாளி தப்பினான் என்று அங்கே காட்ட முடியாது. ஆகவே ஒரு சில நிமிஷத்துக்கு வேறு காட்சி எடுத்து ஒட்டி அனுப்பினார்கள். இதைக் கேள்விப்பட்டு, 'ஐயோ, தணிக்கையின் கொடுமையைப் பாருங்கள்!' என்று கண்ணீர் விடாத மேல்நாட்டு ரசிகன் இல்லை. அதே ரசிகன் 'தி டிபார்ட்டட்'டின் கடைசிக் குண்டுக்குக் கைதட்டுகிறான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பெய்ஜிங் கேட்டது ஒரு விலங்கு. ஹாலிவுட் கேட்டது ஒரு குண்டு. குற்றவாளி சும்மா போகக் கூடாது என்று அங்கே கேட்டவர் அதிகாரி. இங்கே கேட்டவர் வியாபாரி. அதிகாரிக்கு ஜனங்களிடம் நம்பிக்கையில்லை. வியாபாரிக்கும் ஜனங்களிடம் நம்பிக்கையில்லை. தண்டனையைக் கண்ணால் காட்டாவிட்டால் ஜனங்களுக்குப் புரியாது என்பதில் இருவரும் ஒரே கட்சி. சீனத் தணிக்கையாவது ஒட்டுப் போட்டதோடு நின்றது. அதற்கு யாரும் ஆஸ்கார் கொடுக்கவில்லை.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இதைச் செய்தவர் ஸ்கார்ஸேஸி. ஒன்றும் தெரியாத ஒருவர் செய்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். 1990-ல் 'குட்ஃபெல்லாஸ்' எடுத்தவர் அவர். அந்தப் படத்தின் கடைசியில் கும்பலைக் காட்டிக்கொடுத்த ஹென்றி ஹில் சாகிறானா? இல்லை. அரசாங்கப் பாதுகாப்பில், பெயரை மாற்றிக்கொண்டு, ஏதோ ஓர் ஊரின் ஓரத்தில், பத்தோடு பதினொன்றாக வாழப்போகிறான். ராஜாவாகத் திரிந்தவனுக்கு அதுதான் நரகம் என்று அன்று ஸ்கார்ஸேஸிக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு விடுவதே பெரிய தண்டனை என்பதை ஹாங்காங்காரர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னதாகவே அறிந்தவர், அவர்கள் அதையே இன்னும் ஆழமாகச் செய்து கையில் கொடுத்தபோது, அதை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். 'குட்ஃபெல்லாஸ்' படத்துக்கு அவருக்கு டைரக்‌ஷன் பரிசு கொடுக்கவில்லை. ஐந்து தடவை பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு அனுப்பியவர்கள், இந்தக் குண்டுக்குத்தான் கொடுத்தார்கள். பரிசுக்கும் கலைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

'தழுவல் என்றால் மாற்றத்தான் செய்வார்கள்; அப்படியே எடுப்பதற்கு எதற்கு இன்னொரு படம்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாற்றியது குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. 1959-ல் எட் மக்பெய்ன் என்ற அமெரிக்கர் எழுதிய துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டு, 1963-ல் அகிரா குரோஸாவா 'ஹை அண்ட் லோ' என்று உலகம் அறிந்த அந்தப் படத்தை எடுத்தார். பணக்காரனின் பிள்ளை என்று நினைத்து அவனுடைய கார் டிரைவரின் பிள்ளையைக் கடத்திவிடுகிறார்கள். பணக்காரன் பணம் கொடுப்பானா? நாவலில் அவன் மறுத்துவிடுகிறான். குரோஸாவாவின் படத்தில் கொடுக்கிறான். கொடுத்துவிட்டுத் தன் சொத்தையெல்லாம் இழக்கிறான். இதுவும் மாற்றம்தான். ஆனால் பாருங்கள், இந்த மாற்றத்தால் கதை பளுவாகிறது. அந்தப் பணக்காரனுக்கு ஒரு மனச்சாட்சி முளைக்கிறது. நமக்கும் ஒரு கேள்வி முளைக்கிறது. அமெரிக்கச் சரக்கை வாங்கிய ஆசியன், விலைக்கு மேல் திருப்பிக் கொடுத்தான். 2025-ல் ஸ்பைக் லீ அந்தக் கதையை மறுபடி நியூயார்க்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். போகட்டும், வரட்டும், கதைகள் ஊர் சுற்றுவதற்குத்தான் பிறந்தவை. நான் கேட்பது ஒன்றே: சுற்றி வந்த பிறகு கதையின் மடி கனத்திருக்கிறதா, இல்லை காலியாகியிருக்கிறதா?

'தி டிபார்ட்டட்'டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஹாங்காங் படம் 101 நிமிஷம். இது 151 நிமிஷம். கூடுதலான ஐம்பது நிமிஷத்தில் தென் பாஸ்டனின் ஐரிஷ் ஜனங்களின் பேச்சும் வசவும் வறட்டுக் கௌரவமும் வருகின்றன. லியனார்டோ டிகாப்ரியோ நரம்பு அறுந்துவிடும்போல் நடித்திருக்கிறார். நிக்கல்ஸனின் பாத்திரத்துக்குப் பின்னால் ஓர் உண்மை மனிதனும் இருக்கிறான். 'வைட்டி' பல்ஜர் என்ற பாஸ்டன் ரௌடித் தலைவன் எஃப்.பி.ஐ.க்குத் துப்புச் சொல்லிக்கொண்டே தன் ராஜ்யத்தை நடத்தினான். அவனுக்கு உடந்தையாக இருந்த எஃப்.பி.ஐ. அதிகாரி பின்னால் சிறைக்குப் போனார். அந்த ஊருக்குச் சொந்தமான உண்மை இது, இரவல் அல்ல. ஆனால் இந்த உண்மையே ஸ்கார்ஸேஸிக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறதே! 2006-ல் இந்தப் படம் அரங்குகளுக்கு வந்தபோது அசல் பல்ஜர் பிடிபடாமல் உலவிக்கொண்டிருந்தான். 1994-ல் தலைமறைவானவன், 2011-ல்தான், கலிபோர்னியாவின் கடற்கரை ஊர் ஒன்றில் கிழவனாகப் பிடிபட்டான். படத்தில் செத்துவிட்டான், தெருவில் சாகவில்லை. அந்த அளவுக்காவது ஹாங்காங் படத்தின் முடிவல்லவா பாஸ்டனின் யதார்த்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது? கண்ணெதிரே இருந்த உண்மையைவிட அரங்கத்தின் திருப்தி அவர்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

ஹாங்காங்காரர்களுக்கு மட்டும் ஏன் அந்த முடிவு தோன்றிற்று? அவர்கள் எல்லோரும் ஞானிகளா? இல்லை, அந்த ஊரும் வியாபாரிகளின் ஊர்தான். ஆனால் 1997 ஜூலை முதல் தேதி அந்த ஊரின் கொடி மாறிற்று. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பிரிட்டிஷ் ராணிக்கும் ராஜாவுக்கும் சல்யூட் அடித்த போலீஸ், மறுநாள் வேறு கொடிக்குச் சல்யூட் அடித்தது. அதே மனிதர்கள், தொப்பியின் சின்னம்தான் வேறு. நான் யாருடைய ஆள் என்ற கேள்வி அங்கே ஓர் ஊருக்கே பொதுவாக இருந்தது. ஐந்து வருஷம் கழித்து, இரண்டு எஜமானர்களுக்கு நடுவே நின்று தன் பெயரைத் தேடும் இரண்டு ஒற்றர்களின் கதை அங்கே பிறந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு குண்டால் பதில் சொல்ல முடியாது என்று அந்த ஊருக்குத் தெரியும். மறுநாளும் எழுந்து வேலைக்குப் போக வேண்டும். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு தான் இன்னார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லித்தான் அந்தப் படம் முடிகிறது.

குற்றக் கதை என்றால் இரண்டாம் தரம் என்று மூக்கைச் சுளிக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'யார் கொன்றான்?' என்று கேட்பது பொழுதுபோக்கு. 'கொன்றவனுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அது இலக்கியம். டாஸ்டாயெவ்ஸ்கி ரஸ்கோல்னிகோவைத் தூக்கில் போட்டிருந்தால் நாம் அவனை என்றைக்கோ மறந்திருப்போம். அவன் உயிரோடு விடப்பட்டான். ஆகவே நம்மை விடமாட்டேன் என்கிறான்.

ஆகையால், நகல் உயர்ந்தது என்று இனிமேல் யாராவது சொன்னால், பரிசுப் பட்டியலை எடுத்து நீட்ட விடாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு, அந்தத் துரோகி உங்கள் மனத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? பாஸ்டன்காரன் தன் வீட்டு வாசலில் செத்துக் கிடக்கிறான். அவனிடம் நமக்கு வேலையில்லை. ஹாங்காங்காரன் இன்னும் அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கிறான். கையை நெற்றிக்குக் கொண்டுபோய், நல்ல போலீஸ்காரனைப்போலவே, சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கையை அவன் எப்போது கீழே இறக்குவான்?